வித்யாசாகரின் செலவுக் கணக்கையும் பாடத்தில் சேருங்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கும், அவற்றைப் பார்த்து ஒப்புதல் தரும் வல்லுநர் குழுவினருக்கும் வணக்கம்.

சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் பற்றிய பாடத்தில் ஈஸ்வர சந்திர வித்யாசாகருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு பத்தி. கைம்பெண் மறுமணத்துக்காகப் பாடுபட்டார், 1856-ல் சட்டம் வந்தது, பெண்களுக்குப் பள்ளிகள் திறந்தார் என்று சொல்லிவிட்டுப் பாடம் அடுத்த பெரியவரிடம் போய்விடும். அந்தப் பத்தியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் சட்டம் வந்த பிறகுதான் அந்த மனிதருக்குத் தலைவலியே தொடங்கியது. 1891 ஜூலை 29-ல் அவர் இறக்கும்வரை நடந்த முப்பத்தைந்து ஆண்டுக் கதைக்குப் பாடநூலில் இடம் இல்லை.

நாங்கள் கேட்பது கூடுதல் புகழ்ச்சி அல்ல, கணக்கு. எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், பள்ளிக்கு மாதம் எவ்வளவு ஆயிற்று, யார் கொடுத்தார்கள், யார் கையை விரித்தார்கள், சட்டத்தின் எந்தப் பிரிவு யார் சோற்றில் கை வைத்தது என்ற விவரங்கள் இருந்தால்தான் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சீர்திருத்தம் என்பது என்ன வேலை என்று புரியும். இல்லாவிட்டால் அது ஒரு பெயரும் ஓர் ஆண்டும் சேர்ந்த ஒரு மதிப்பெண் வினாவாகவே நின்றுவிடும்.

முதலில் சில்லறைத் திருத்தங்கள். வித்யாசாகர் என்பது குடும்பப் பெயர் அல்ல. அவர் பிறந்தது வங்காளத்தின் மேதினிப்பூர்ப் பகுதியில் உள்ள பீர்சிங்கா கிராமத்தில், 1820 செப்டம்பர் 26-ல். குடும்பப் பெயர் பந்த்யோபாத்யாய். ‘வித்யாசாகர்’ கல்கத்தா சம்ஸ்கிருதக் கல்லூரியில் படித்துப் பெற்ற பட்டம். மறுமணச் சட்டத்தை டல்ஹௌசி கணக்கில் எழுதுவது பழைய வழக்கம். மசோதா வந்தபோது அவர்தான் கவர்னர் ஜெனரல், ஆனால் 1856 ஜூலையில் அது சட்டமானபோது பதவியில் இருந்தவர் கானிங். கல்கத்தாவின் பெத்தூன் பெண்கள் பள்ளியை 1849 மே 7-ல் தொடங்கியவர் ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெத்தூன். வித்யாசாகர் அதன் செயலாளராக இருந்து நடத்தியவர். சதி ஒழிப்பு 1829-ல் நடந்தது, அப்போது வித்யாசாகர் ஒன்பது வயதுச் சிறுவன். சதி ஒழிப்பையும் மறுமணத்தையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டால் மாணவர் இரண்டையும் ஒருவர் தலையில் கட்டிவிடுகிறார்.

இனி அவர் என்ன செய்தார் என்பதைவிட எப்படிச் செய்தார் என்ற பகுதி. 1855 ஜனவரியில் ஒரு சிறு நூலும், வந்த மறுப்புகளுக்கெல்லாம் பதிலாக அக்டோபரில் அதைவிடப் பெரிய இரண்டாம் நூலும் எழுதினார். ‘கைம்பெண் நிலை கொடுமையானது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அவரோடு வாதாட வேண்டிய தேவையே எவருக்கும் இருந்திருக்காது. அவர் சாஸ்திரத்துக்குள்ளேயே வழக்காடினார், படி படியாக. எந்த யுகத்துக்கு எந்த ஸ்மிருதி, அதாவது எந்த அறநூல், என்பது முதல் படி. கிருத யுகத்துக்கு மனு, கலிக்குப் பராசரர் என்று பராசர ஸ்மிருதியே வரிசைப்படுத்துகிறது. அந்தப் பராசரர் பெண்களுக்கு என்ன சொல்கிறார் என்பது இரண்டாம் படி. கணவன் காணாமற்போனாலோ, இறந்தாலோ, துறவு பூண்டாலோ, ஆண்மையற்றவனானாலோ, பதிதனானாலோ (சாதியிலிருந்து வீழ்ந்தவனானாலோ), ஆக இந்த ஐந்து இடர்களில் பெண்ணுக்கு வேறு கணவன் விதிக்கப்படுகிறான் என்ற சுலோகம் அங்கே இருக்கிறது. புராணங்களில் இதற்கு மாறான வரிகள் இருக்கின்றனவே என்று கேட்டால், ஸ்மிருதியும் புராணமும் மோதும்போது ஸ்மிருதியே மேலானது என்பது மூன்றாம் படி.

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. அந்தச் சுலோகம் நிச்சயிக்கப்பட்டு மணமாகாத பெண்ணுக்குத்தான் பொருந்தும் என்றார்கள் சிலர். பராசர ஸ்மிருதிக்கு உரை எழுதிய விஜயநகரக் காலத்து மாதவாசாரியரே இந்த விதி வேறு யுகத்துக்கு உரியது என்று எழுதியிருக்கிறாரே என்றார்கள் வேறு சிலர். கலிக்கென்றே எழுதப்பட்ட நூலின் விதியை வேறு யுகத்துக்குத் தள்ள உரைகாரருக்கு என்ன உரிமை என்று திருப்பிக் கேட்டார் வித்யாசாகர். இந்த வாதத்தை வகுப்பில் இரண்டு அணியாகப் பிரித்து நடத்தலாம். பட்டிமன்றம் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இது பழகின விளையாட்டு. ஒரு எச்சரிக்கை: சாஸ்திரத்தை ஏற்றுக்கொண்டு அதற்குள் வழி தேடியது அந்த வாதத்தின் பலம், எல்லையும் அதுதான். சாஸ்திரமே மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற கேள்வியை மாணவர் கேட்டால் ஆசிரியர் அதை அடக்கக் கூடாது.

1855 அக்டோபர் 4-ல் சட்டமன்றக் கவுன்சிலுக்கு மனு போனது, கையெழுத்துகள் 987. பழமைவாத இந்துக்களின் தலைவர் ராதாகாந்த தேவ் தலைமையில் எதிர்மனு போனது. அதில் முப்பதாயிரத்துக்கும் மேல். கேட்டவர் ஒருவர் என்றால் வேண்டாம் என்றவர் முப்பதுக்கும் மேல். ‘மக்கள் விழிப்புணர்வால் சட்டம் வந்தது’ என்ற வரியை இந்த இரண்டு எண்கள் தாங்குமா என்று பாருங்கள். நவம்பர் 17-ல் கவுன்சில் உறுப்பினர் ஜே. பி. கிராண்ட் மசோதாவைக் கொண்டுவந்தார், மறு ஆண்டு ஜூலையில் அது 1856-ஆம் ஆண்டின் 15-ஆம் சட்டமாயிற்று. பெரும்பான்மை எதிர்த்தும் நிறைவேறியது எப்படி என்றால், யாரையும் எதையும் செய்யச் சொல்லாத சட்டம் அது. மறுமணம் செய்ய விரும்புகிறவருக்கு நீதிமன்றத்தில் இருந்த தடை ஒன்றை நீக்கியது, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தில் இருந்தவை ஏழே பிரிவுகள். அச்சில் ஓரிரு பக்கங்கள். அதை எளிய தமிழாக்கி முழுமையாகப் பாடத்தில் வைத்தாலே போதும், பாதி வேலை முடிந்தது. முதல் பிரிவு மணத்தைச் செல்லுபடியாக்கி, பிறக்கும் பிள்ளைகளைச் சட்டபூர்வ வாரிசுகளாக்குகிறது. ஆறாவது பிரிவு, முதல் மணத்துக்குச் செய்யும் சடங்குகளே இதற்கும் போதும் என்கிறது. ஏழாவது, மறுமணம் செய்யும் பெண் சிறுமியாக இருந்தால் யார் சம்மதம் வேண்டும் என்று சொல்கிறது: தந்தை, அவர் இல்லாவிட்டால் தந்தை வழிப் பாட்டனார், தாய், அண்ணன் என்று வரிசை போகும். சட்டம் எழுதியவர்கள் மனக்கண்ணில் நின்ற கைம்பெண்ணின் வயது என்ன என்பது இந்தப் பிரிவிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றாம் பிரிவின்படி, தாய் மறுமணம் செய்துகொண்டால் இறந்த கணவனின் உறவினர் நீதிமன்றம் போய்ப் பிள்ளைகளுக்கு வேறு பாதுகாவலரைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இரண்டாம் பிரிவு. மறுமணம் செய்த அன்றே, இறந்த கணவனின் சொத்தில் அவளுக்கு இருந்த ஜீவனாம்ச உரிமையும் வாரிசுரிமையும், அவளே அன்று இறந்துபோனது போல முடிந்துவிடும். சொத்து கணவனின் அடுத்த வாரிசுகளுக்குப் போகும். ‘இறந்துபோனது போல’ என்பது எங்கள் அலங்காரம் அல்ல, சட்டத்தின் சொல். புகுந்த வீட்டார் எதிர்ப்பைத் தணிக்க வைத்த விலை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கையில் நிலமும் வீடும் இருக்கும் ஒரு பெண், புதுக் கணவன் எப்படியிருப்பானோ என்று தெரியாமல் அத்தனையையும் விட்டுவிட்டு எழுந்து வருவாளா?

இதில் இன்னொரு கோணல் உண்டு, அது நம் ஊர் வரை வந்தது. மறுமணத் தடை மேல்சாதிகளில்தான் இறுக்கமாக இருந்தது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் ‘அறுத்துக் கட்டுவது’ காலங்காலமாக நடந்த வழக்கம். அவர்களுக்கு 1856 சட்டம் தேவையே இல்லை. ஆனாலும் சட்டம் வந்த பிறகு, மறுமணம் செய்தால் சொத்து போகும் என்ற விதியை நீதிமன்றங்கள் அவர்கள் மீதும் ஏற்றின. மறுமண வழக்கமுள்ள மறவர் குலப் பெண் ஒருத்தி முதல் கணவனின் சொத்தைக் கேட்ட வழக்கில், 1877-ல் மதராஸ் உயர் நீதிமன்றம் அவளுக்கு உரிமை இல்லை என்றது. கணவனின் உடலில் பாதியாக எஞ்சியிருக்கிறாள் என்பதால்தான் விதவைக்குச் சொத்து வருகிறது, வேறொருவனை மணந்தபின் அந்தப் பாதி எங்கே என்பது வாதம். கல்கத்தாவும் பம்பாயும் இதே வழியில் போயின. அலகாபாத் மட்டும், வழக்கப்படி முன்பே மறுமணம் செய்யக்கூடிய சாதியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்திசையில் நின்றது. ஒரு சாதியின் பெண்ணை விடுவிக்க எழுதிய சட்டம் இன்னொரு சாதியின் பெண்ணை எப்படிக் கட்டிப்போட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எட்டாம் வகுப்புக்கோ பத்தாம் வகுப்புக்கோ கிடைக்காது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவைக்கு முழு உடைமை தந்தது. அதிலும் மகனின் விதவை, சகோதரனின் விதவை போன்றோர் மறுமணம் செய்திருந்தால் பங்கில்லை என்ற 24-ஆம் பிரிவு 2005 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. 1856 சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 1983-ல். காலக்கோடு வரைந்தால் அதை 1856-ல் நிறுத்தாமல் 2005 வரை இழுக்கச் சொல்லுங்கள்.

இனி பணம். 1856 டிசம்பர் 7-ல் கல்கத்தா சுக்கியா தெருவில், ராஜகிருஷ்ண பந்த்யோபாத்யாய் வீட்டில், சட்டப்படியான முதல் மறுமணம் போலீஸ் காவலோடு நடந்தது. மணமகன் ஸ்ரீஷ்சந்திர வித்யாரத்னா, சம்ஸ்கிருதக் கல்லூரியைச் சேர்ந்த பண்டிதர். மணமகள் காளிமதிக்கு வயது பத்தளவில். இந்த வயதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து: மறுமணம் செய்துவைக்கப்பட்டவளும் ஒரு குழந்தைதான், அந்தக் காலச் சீர்திருத்தத்தின் கண்ணுக்கு அது உறுத்தவில்லை. சாந்திபூர் நெசவாளர்கள் வித்யாசாகரைப் பாடும் வரிகளைச் சேலைக் கரையில் நெய்து விற்றதும் இந்தக் காலத்தில்தான். சேலை விற்ற அளவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை.

1867 வாக்கில் வித்யாசாகர் முயற்சியில் நடந்திருந்த மறுமணங்கள் 60. செலவு 82,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கு ஏறத்தாழ 1,366 ரூபாய். கல்லூரி முதல்வர் பதவியும் பள்ளி ஆய்வாளர் பதவியும் சேர்த்து வித்யாசாகர் வாங்கிய மாதச் சம்பளமே 500. ஒரு திருமணத்துக்கு அவ்வளவு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தாலி, விருந்து, நகையோடு முடியும் செலவல்ல அது. சாதி விலக்கான குடும்பத்துக்குப் புரோகிதரும் நாவிதரும் சலவைக்காரரும் வர மறுப்பார்கள், உறவுக்காரர் வாசல்படி மிதிக்க மாட்டார்கள், பிழைப்பு போகும். அவர்களுக்கு அரிசியும் வாடகையும் யாராவது தந்தாக வேண்டும். உதவுவதாக வாக்களித்த கனவான்கள் பலர் சந்தா கட்டாமல் நழுவினார்கள். கடன் வித்யாசாகர் தலையில் ஏறியது.

அந்தப் பணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இதையும் எழுதுங்கள், ஏனென்றால் சீர்திருத்தவாதிகள் காற்றைக் குடித்து வாழ்ந்தவர்கள் போன்ற ஒரு எண்ணத்தைப் பாடநூல்கள் உண்டாக்குகின்றன. 1847-ல் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து 600 ரூபாய் கடனில் ஒரு அச்சகம் தொடங்கினார். முதலில் அச்சிட்ட நூலின் 100 பிரதிகளை, ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இந்திய மொழிகள் கற்பித்த வில்லியம் கோட்டைக் கல்லூரி 600 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது, கடன் தீர்ந்தது. பிறகு 1855-ல் அவர் எழுதிய ‘வர்ண பரிசய்’ என்ற அரிச்சுவடி வங்காளக் குழந்தைகள் எல்லோர் கைக்கும் போனது. வங்காளப் பிள்ளைகள் ‘அ, ஆ’ படித்த காசில் கைம்பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. 1869-ல் அந்த அச்சகத்தின் பெரும் பங்கை அவர் விற்றுவிட்டார்.

பெண் பள்ளிகளின் கணக்கு இன்னும் துல்லியமாகக் கிடைக்கிறது. 1857 நவம்பரிலிருந்து 1858 மே வரை ஏழு மாதத்தில் 35 பள்ளிகள்: ஹூக்ளியில் 20, பர்துவானில் 11, மேதினிப்பூரில் 3, நதியாவில் 1. படித்த பெண் குழந்தைகள் சுமார் 1,300. மாதச் செலவு 845 ரூபாய். ஒரு பள்ளிக்கு 24 ரூபாய் சொச்சம், ஒரு பிள்ளைக்குப் பத்தணாவுக்குச் சற்று மேல். ஊரார் இடம் தருவது, ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவது என்ற எண்ணத்தில் தொடங்கியவை இவை.

எங்கே சறுக்கியது என்பதுதான் இதில் பாடம். வங்காளத் துணை கவர்னர் ஹாலிடே உற்சாகமாகப் பேசினார், பேச்சிலேயே ஒப்புதல் தந்தார். முன்பு ஒன்றிரண்டு பள்ளிகளுக்கு உதவி கிடைத்திருந்ததால், வித்யாசாகர் கையில் எழுத்துபூர்வமான ஆணை வருமுன்பே பள்ளிகளைத் திறந்து ஆசிரியர்களை வேலைக்கு வைத்துவிட்டார். அரசின் மானிய விதிகளோ மாணவர் கட்டணம் வசூலிக்க வேண்டும், உள்ளூர் நன்கொடை காட்ட வேண்டும் என்றன. மகனுக்குக் கட்டணம் கட்டுவோர் இருந்தார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதே பெரிய காரியம் என்ற இடத்தில் அதற்குக் காசும் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? பெண் பள்ளிகளுக்கு மட்டும் விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டபோது மேலிடம் மறுத்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி என்ற காரணமும் சேர்ந்துகொண்டது. ஆசிரியர்களுக்குச் சேர்ந்த சம்பள பாக்கி 3,439 ரூபாய், அதாவது வித்யாசாகரின் ஏழு மாதச் சம்பளம். பொதுக்கல்வி இயக்குநர் கோர்டன் யங்கோடும் உரசல் முற்றி, 1858 நவம்பரில் அவர் அரசு வேலையை விட்டே விலகினார். அந்தப் பாக்கியை மட்டும் அரசு கடைசியில் கொடுத்தது. பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தத் தரவில்லை. அவர் ‘நாரீ சிக்ஷா பண்டார்’ என்று ஒரு சந்தா நிதி திரட்டி முடிந்தவற்றை இழுத்துக்கொண்டு போனார். வாய்மொழி உத்தரவை நம்பி வேலை தொடங்கி, ‘பைல் இன்னும் மேலே போகவில்லை’ என்ற பதிலைக் கேட்ட எவருக்கும் இந்த நிகழ்ச்சியை விளக்கத் தேவையில்லை.

இப்போது இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 82,000 ரூபாயை 845 ஆல் வகுத்தால் 97 மாதம். 60 திருமணங்களுக்கு ஆன பணத்தில் 35 பெண் பள்ளிகளை எட்டு ஆண்டுகள் நடத்தியிருக்கலாம். வித்யாசாகர் தவறு செய்தார் என்று இதற்குப் பொருள் அல்ல. பத்து வயதுக் கைம்பெண்ணுக்கு எட்டாண்டு காத்திருக்க நேரமில்லை. ஆனால் எது முதலில், எதற்கு எவ்வளவு என்ற கேள்வி அவருக்கு இருந்தது, இன்றைக்கு ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கிறவருக்கும் இருக்கிறது. வகுப்பில் கேட்கத் தகுந்த கேள்வி இதுதான். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது என்பதால் வினாத்தாள் தயாரிப்பவர்கள் தயங்கலாம். தயங்க வேண்டாம்.

கைம்பெண்கள் ஏன் அவ்வளவு பேர் என்பதையும் பாடம் தொட வேண்டும். 1871-ல் பலதார மணத்துக்கு எதிராக எழுதிய நூலில் வித்யாசாகர் ஹூக்ளி மாவட்டத்துக் குலீன பிராமணர்களின் (பிராமணரில் மேல்நிலை எனக் கருதப்பட்ட பிரிவினரின்) பட்டியலைப் பெயர், வயது, ஊர், மனைவியர் எண்ணிக்கையோடு கொடுத்தார். 55 வயதில் 80 மனைவியர் உள்ளவர் ஒருவர் அதில் இருக்கிறார். அவர் கண்ணை மூடினால் ஒரே நாளில் 80 விதவைகள். பட்டியல் போட்டு வாதாடிய அந்த முறையைச் சுட்டிக்காட்டுங்கள். கள ஆய்வு என்ற சொல் வருமுன் செய்த கள ஆய்வு அது. பலதார மணத்துக்கு எதிரான சட்டத்தை மட்டும் அவரால் பெற முடியவில்லை. 1857-க்குப் பிறகு மத வழக்கங்களில் கை வைக்க அரசுக்குத் துணிவு இல்லை.

1872-ல் இந்துக் குடும்ப ஆண்டுத்தொகை நிதி ஒன்றைத் தொடங்கிவைத்தார். கணவன் உயிரோடு இருக்கும்போது மாதச் சந்தா கட்டினால், அவன் இறந்தபின் மனைவிக்கோ குறிப்பிட்ட உறவினருக்கோ மாதந்தோறும் தொகை வரும். நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு எழுந்து 1876-ல் அதிலிருந்து விலகினார். மறுமணம் செய்யாத, செய்ய விரும்பாத கைம்பெண்ணுக்கும் சாப்பாடு வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்ட இடம் இது. பாடநூலில் இதற்கு இரண்டு வரி போதும், ஆனால் இரண்டு வரி வேண்டும்.

அவர் கணிப்புத் தவறிய இடத்தையும் மறைக்காதீர்கள். 1866-ல் ஆங்கிலேயக் கல்வியாளர் மேரி கார்பென்டர் கல்கத்தா வந்து, பெண் ஆசிரியர்களை உருவாக்கப் பயிற்சிப் பள்ளி ஒன்று வேண்டும் என்றார். வித்யாசாகர் அதை ஆதரிக்கவில்லை. மணமான பெண்களைக் குடும்பம் வெளியே அனுப்பாது. மிஞ்சுவோர் ஆதரவற்ற கைம்பெண்கள். அவர்கள் வேலைக்கு வெளியே வந்தால் ஊர் சந்தேகத்தோடு பார்க்கும், பெண் கல்விக்கே கெட்ட பெயர் வரும் என்று 1867-ல் அரசுக்கு எழுதினார். அவரை மீறிப் பயிற்சிப் பள்ளி 1869-ல் திறக்கப்பட்டது, மூன்றே ஆண்டில் மூடவும்பட்டது. அன்றைக்கு அவர் சொன்னதுதான் நடந்தது.

ஆனால் அதே காரியம் நாற்பத்தைந்து ஆண்டு கழித்துச் சென்னையில் நடந்தேறியது. பதினொரு வயதில் மணமாகி, உடனே கணவனை இழந்த ஆர். எஸ். சுப்பலட்சுமி 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார், 1912-ல் எழும்பூரில் நான்கு இளம் பிராமணக் கைம்பெண்களோடு ஒரு விடுதியைத் தொடங்கினார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அரசு ஆதரவைப் பெற்றுத் தந்தார். பின்னர் விடுதி திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம் மாறியது. 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி திறந்தபோது அதன் முதல்வரும் அவரே. கல்கத்தாவில் முடியாதது இங்கே முடிந்ததற்குக் காரணம் விடுதி. பெண் தனியே தெருவில் போய்வரத் தேவையில்லை. சமையலும் ஆசாரமும் வீட்டுப் பெரியவர்கள் குறை சொல்ல இடமில்லாதபடி இருந்தன. நடத்துபவரே ஒரு கைம்பெண். படிப்பு முடிந்தால் கையில் சம்பளம். மறுமணத்தைப் பற்றிச் சுப்பலட்சுமி மேடை போட்டுப் பேசியவர் அல்ல. பிராமணப் பெண்களுக்கு மட்டும் என்று அந்த விடுதி வைத்த எல்லையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வித்யாசாகரையும் சுப்பலட்சுமியையும் பாடநூல்கள் வெவ்வேறு அலகுகளில் வைக்கின்றன. ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வையுங்கள். நடுவே தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் வரட்டும். 1881 டிசம்பர் 11-ல் ராஜமுந்திரியில் அவர் நடத்திய முதல் மறுமணம், மதராஸ் மாகாணத்துக்குள் நடந்தது. சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-ல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்ததும் வரட்டும். சட்டம் வந்து முப்பத்து மூன்று ஆண்டு கழிந்தும் ஒரு பத்திரிகை ஆசிரியர் தம் வீட்டுக் கல்யாணத்தை அத்தனை தொலைவில் போய் நடத்தியிருக்கிறார் என்பதை மாணவர் கவனிப்பார்.

இவ்வளவுக்கும் இடம் எங்கே என்பீர்கள். இரண்டு பாடவேளை போதும். முதல் பாடவேளையில் ஏழு பிரிவுகளையும் வாசித்து, இரண்டாம் பிரிவுக்கு வந்ததும் நிறுத்தி, நிலம் உள்ள கைம்பெண், நிலம் இல்லாதவள், மறுமண வழக்கமுள்ள சாதிப் பெண் என்ற மூவருக்கும் சட்டத்தால் கிடைப்பது என்ன, போவது என்ன என்று மூன்று பத்தியாகக் கரும்பலகையில் நிரப்பச் சொல்லுங்கள். மூன்றாவது பெண்ணுக்கு வந்ததும் ‘கிடைப்பது’ என்ற இடம் காலியாக நிற்கும். அங்கே ஆசிரியர் அவசரப்பட்டு எதையாவது எழுதி நிரப்பிவிடக் கூடாது. இரண்டாம் பாடவேளை முழுவதும் கணக்கு: 987, 60, 82,000, 35, 1,300, 845, 3,439. அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு என்று ஒரு ஓரக்குறிப்பு வேண்டும், இல்லையென்றால் பத்தணாவில் வகுப்பு நின்றுவிடும். அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயாக மாற்றிக் காட்டும் வேலை வேண்டாம், அது எப்போதும் தப்பாகவே போகும். அவருடைய 500 ரூபாய்ச் சம்பளத்தையே அளவுகோலாக வையுங்கள்.

தேர்வில் ‘கைம்பெண் மறுமணச் சட்டம் எந்த ஆண்டு நிறைவேறியது?’ என்ற ஒரு மதிப்பெண் வினா இருந்துவிட்டுப் போகட்டும். அதன் கீழே ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று சேருங்கள்: ‘உங்களிடம் 82,000 ரூபாய் இருக்கிறது, ஆண்டு 1857. 60 திருமணங்களா, 35 பள்ளிகளா, நான்கு பேருக்கு ஒரு விடுதியா? காரணம் கூறுக.’ விடைக்குறிப்பில், எந்தத் தெரிவுக்கும் முழு மதிப்பெண் உண்டு, பாடத்தில் உள்ள எண்களைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிப்போர் சிலர்